கோட்டிங்கனில் கடைசி வாரம்

அக்டோபர் 27, திங்கட்கிழமை காலை. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், ஹிரோஷிமா சதுக்கத்தில் இருக்கும் புதிய நகர மன்றத்தில் என் எண் திரையில் வந்ததும் உள்ளே போய் உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கே போகிறீர்கள்?" என்றார். "இந்தியாவுக்கு." "அங்கே முகவரி?" நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். வத்தலக்குண்டு. தட்டி முடித்ததும் திரையை என் பக்கம் திருப்பி, "சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள், இது எனக்குப் புதுப் பெயர்" என்றார். சரியாகத்தான் இருந்தது. ஒரு தாளை அச்செடுத்து முத்திரை குத்திக் கொடுத்தார். மொத்தமாக ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்தத் தாளின்படி, 2025 அக்டோபர் 31க்குப் பிறகு நான் அந்த ஊரில் குடியிருக்கவில்லை.

இதற்கு அப்மெல்டுங் என்று பெயர். ஜெர்மனியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனால் 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும், அது ஆன்மெல்டுங். நாட்டைவிட்டே போகிறவர்கள் அந்தப் பதிவை நீக்கிவிட்டுப் போக வேண்டும், அதையும் கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் செய்ய முடியும். 2021 அக்டோபரில் முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் முகக்கவசத்தோடு வந்து இறங்கியபோது முதலில் வாங்கிய தாள் அந்தப் பதிவுத் தாள்தான். அதை வைத்துத்தான் வரி எண் வந்தது, வங்கிக் கணக்கு வந்தது, மருத்துவக் காப்பீடு வந்தது, தங்கும் உரிமை அட்டை வந்தது. ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. வீட்டில் டிவியே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் உண்டு. அதற்கான கடிதமும் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் வீடு தேடி வந்தது.

இப்போது அதே நூலை மறுமுனையிலிருந்து பிரிக்க வேண்டும். அப்மெல்டுங் தாளின் நகலை ஒலிபரப்புக் கட்டணக்காரர்களுக்கு அனுப்பினேன், காப்பீட்டுக்கு அனுப்பினேன், இணைய இணைப்புக்கு அனுப்பினேன். ஓய்வூதியத்துக்கென்று சம்பளத்தில் பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்க 2 ஆண்டு காத்திருக்க வேண்டும், அதற்கான விண்ணப்பத்தை மட்டும் ஒரு உறையில் போட்டு வைத்துக்கொண்டேன். எல்லோரும் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். தாங்கள் அனுப்பும் உறுதிக் கடிதம் இது, எதிர்காலத்துக்கு நல்வாழ்த்துகள், வணக்கம். நான்கு வருஷத்தில் எனக்கு அங்கே இருந்த ஒவ்வொரு எண்ணும் அந்த ஒரு வாரத்தில் அணைந்தது.

ஏன் திரும்பிப் போகிறாய் என்று கேட்காதவர்கள் இல்லை. அங்கே பட்டம் முடித்தவர்களுக்கு வேலை தேடிக்கொள்ள 18 மாதம் வரை தங்க அனுமதி கொடுக்கிறார்கள். கூடப் படித்தவர்கள் பலரும் அதை வாங்கிக்கொண்டு மியூனிக்கிலும் பெர்லினிலும் இருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். நான் அதற்கு விண்ணப்பிக்கவில்லை. என் காரணம் எளிமையானது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கொடைக்கானல் மலை தெரியும். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே சுற்றுலா கூட்டிப் போனபோது சூரிய ஆய்வகத்தில் ஒரு இருட்டறையில் சூரியனை ஒரு வெள்ளைத் தட்டின் மேல் விழவைத்துக் காட்டினார்கள். அதில் மிளகு அளவுக்கு ஒரு கரும்புள்ளி இருந்தது. அந்தப் புள்ளி பூமியைவிடப் பெரியது என்று அங்கே இருந்தவர் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எல்லோரும் பாட்டுப் பாடினார்கள், நான் அந்த மிளகையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்புறமாக வழிந்தோடுவதை ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது அந்த மலையில்தான், 1909இல். உலகத்தில் எங்கே சூரிய இயற்பியல் படித்தாலும் எவர்ஷெட் விளைவு என்று அதைப் படித்தாக வேண்டும். கோட்டிங்கனில் இருக்கும் சூரிய மண்டல ஆய்வுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் என் முதல் கருத்தரங்கத்தில் பேசியவர் கொடைக்கானல் என்று ஜெர்மன் வாயால் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நூறாண்டுக்கும் மேலாக அந்த மலையில் எடுத்துச் சேர்த்த சூரியப் படங்கள் இருக்கின்றன. அவற்றோடு வேலை செய்யும் ஒரு ஆய்வுப் பணி பெங்களூரில் கிடைத்தது. நான் கேட்டுப் பெற்ற வேலை அது. ஏழாயிரம், எட்டாயிரம் கிலோமீட்டர் போய் நான் படித்ததெல்லாம் அதற்காகத்தான்.

செப்டம்பரில் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு முடிந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படி ஒன்று வேறு எந்த ஊரிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

கோட்டிங்கனின் பழைய நகர மன்றத்துக்கு முன்னால் ஒரு நீரூற்று. அதன் நடுவில் வாத்துகளோடு நிற்கும் ஒரு சிறுமியின் வெண்கலச் சிலை. கேன்ஸலீஸல் என்று பெயர். வாத்துக்கார லீஸல் என்று சொல்லலாம். 1901இல் வைத்தார்கள். அந்தக் காலத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் ஏறிப்போய் அவளுக்கு முத்தம் கொடுப்பது வழக்கமாகி, கூச்சல் தாங்காமல் 1926இல் நகராட்சி அதைத் தடை செய்தது. தடையை யாரும் மதிக்கவில்லை. பிறகு அந்த முத்தம் முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கு உரியதாக ஆகிவிட்டது. இப்போது நிற்பது நகல், அசலை நகர அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவளுக்குப் பின்னால் இருக்கும் அதே கட்டடத்தின் நிலவறை உணவகத்தில் லத்தீனில் ஒரு வரி எழுதியிருக்கும்: கோட்டிங்கனுக்கு வெளியே வாழ்க்கை இல்லை, இருந்தாலும் அது இப்படிப்பட்டதாக இல்லை.

தேர்வு முடிந்து அறைக்கதவைத் திறந்து வெளியே வந்ததும் என் குழுவினர் தொப்பியோடு நின்றார்கள். முனைவர் தொப்பியை அங்கே கடையில் வாங்க மாட்டார்கள். கூட வேலை செய்கிறவர்கள் ரகசியமாக உட்கார்ந்து செய்வார்கள், அவரவர் ஆராய்ச்சியையும் பழக்கவழக்கத்தையும் வைத்து. என்னுடையது கறுப்பு அட்டையில் செய்தது. மேலே ஒரு பிங்பாங் பந்துக்கு மஞ்சள் பூசிச் சூரியன் ஆக்கியிருந்தார்கள், அதில் சரியாக எந்தப் பட்டையில் புள்ளிகள் வருமோ அந்தப் பட்டையில் கறுப்புப் புள்ளிகள். பக்கத்தில் கோலா தகரத்தை வெட்டி மடித்த ஒரு குட்டிக் குக்கர். அதன் தலையில் ஒரு சட்டைப் பொத்தான், வெயிட் மாதிரி. குஞ்சத்துக்குப் பதில் ஒரு முழம் நூலில் காகித மல்லிகை. நான் எப்போதோ ஒரு தடவை, எங்கள் ஊர்ப் பக்கம் மல்லிகை நிறைய விளையும், அதை முழம் போட்டு விற்பார்கள் என்று கையால் அளந்து காட்டியிருந்தேன். அதை நினைவு வைத்திருந்தவன் ஒரு பிரேசில் பையன்.

தொப்பியை மாட்டி, பலூன் கட்டிய ஒரு கைவண்டியில் உட்காரவைத்து, ஊர் நடுவே இழுத்துக்கொண்டு போனார்கள். வழியில் போகிறவர்கள் நின்று கைதட்டினார்கள். அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், வண்டியில் ஒருத்தி வந்தால் அவள் என்ன முடித்துவிட்டு வருகிறாள் என்று. நீரூற்றின் விளிம்பில் ஏறி, பூங்கொத்தை அவள் கையில் செருகி, கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். வெண்கலம் ஜில்லென்று இருந்தது. ஒருவர் என் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார், அதில் அம்மா. வத்தலக்குண்டில் அப்போது ராத்திரி எட்டரை.

"யாரு பாப்பா அந்தப் பொண்ணு? சாமியா?"

"சாமி இல்லம்மா. சிலை."

"பூ வைக்கிறீங்களே?"

"அது இங்க வழக்கம்."

"பூ வச்சா சாமிதான். நல்லா கும்பிட்டுக்க."

கும்பிட்டேன். வண்டியை இழுத்து வந்தவர்களும் எதற்கு என்று கேட்காமல் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள்.

பட்டம் அன்றைக்கே கிடைத்துவிடுவதில்லை. ஆய்வேட்டைத் திருத்தி, பல்கலைக்கழக நூலகத்தின் வழியாக வெளியிட்டு, சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளலாம். அதுவரை போடுவது சட்டப்படி தவறு. அப்பாவிடம் இதைச் சொல்வதற்குள் அவர் வாழைக்காய் மண்டியில் எல்லோருக்கும் அல்வா கொடுத்து முடித்திருந்தார்.

அக்டோபர் முழுக்க வீட்டைக் காலி செய்தேன். வேண்டே பகுதியில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, 22 சதுர மீட்டர். நான்கு வருஷத்தில் இவ்வளவு பொருள் எப்படிச் சேர்ந்தது என்று தெரியவில்லை. விமானத்தில் 23 கிலோ பெட்டி இரண்டுதான். அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு: வேண்டாத பொருளை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, 'இலவசம்' என்று எழுதி வாசலில் வைத்தால் போகிற வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நான் வந்த முதல் மாதத்தில் என் தட்டும் மேசை விளக்கும் சமையல் கத்தியும் அப்படி வாசல்களில் எடுத்தவைதான். அவற்றை அதேபோல ஒரு வாசலில் வைத்துவிட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கை ஒரு பையன் எடுத்தான். சைக்கிளை நிறுத்தி, ஒயரை மடக்கி, கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனான். புதிதாக வந்தவனாக இருக்க வேண்டும், சைக்கிள் பூட்டில் இன்னும் கடைச்சீட்டு தொங்கியது.

காலி பாட்டில்களை ஒரு பெரிய பையில் கொண்டுபோய் சூப்பர் மார்க்கெட் மெஷினில் ஒவ்வொன்றாகப் போட்டேன். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்ப வரும். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை வெள்ளைப் பசை வைத்து அடைத்துத் தேய்த்தேன். அதையெல்லாம் செய்யச் செய்ய, எனக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எந்தக் குப்பைத் தொட்டி எந்தக் கிழமை வாசலுக்குப் போக வேண்டும். பச்சைக் கண்ணாடியும் பழுப்புக் கண்ணாடியும் ஏன் ஒரே தொட்டியில் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை துளை போடும் மெஷினைத் தொடக் கூடாது. தாளிக்கும்போது எந்த ஜன்னலை எவ்வளவு திறந்தால் கூரையில் இருக்கும் புகைமணி அலறாது. பனிக்காலத்தில் நிலக்கடலை எண்ணெய் எந்த அலமாரியில் வைத்தால் உறையாது. கொத்தமல்லித் தழை எந்தத் துருக்கிக் கடையில் செவ்வாய்க்கிழமை கட்டாக வரும். இவ்வளவும் இந்த ஊருக்கு மட்டும் செல்லுபடியாகும் அறிவு. பெங்களூரில் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆய்வேட்டில் எழுதியதைவிட இதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிகக் காலம் பிடித்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

குக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என்னுடையதில்லை. 3 லிட்டர் அலுமினியக் குக்கர், 2013இல் திருச்சியிலிருந்து வந்த ஒரு அண்ணன் கொண்டுவந்தது. அவர் போகும்போது ஒரு அக்காவிடம் கொடுத்தார், அந்த அக்கா இன்னொருவரிடம், அவர் என்னிடம். அடிப்பக்கம் வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. கைப்பிடி ஒருமுறை விரிசல் விட்டு, எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அங்கே ஹார்டுவேர் கடையில் ஒரு போல்ட்டு வாங்கி முடுக்கியிருக்கிறார். அதன் தலை மட்டும் துருப்பிடிக்காமல் பளபளவென்று இருக்கும், குக்கரைவிட அந்த போல்ட்டு நல்ல உலோகம். யார் ஊருக்குப் போய்த் திரும்பினாலும் ஒரு கேஸ்கெட் வாங்கி வர வேண்டும் என்பது எழுதாத சட்டம். நான் இரண்டு வாங்கி வந்தேன், ஒன்று இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

முதல் வாரம் அதில் பருப்பு வைத்தபோது மூன்றாவது விசிலுக்குக் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுப் பாட்டி. அப்போது அவருக்கு 74 வயது. ஏதோ நீராவிக் குழாய் வெடிக்கப் போகிறது என்று நினைத்து மாடியேறி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. உள்ளே கூப்பிட்டு அடுப்பைக் காட்டினேன். எனக்கு ஜெர்மன் அவ்வளவாக வராது, அவருக்கு ஆங்கிலம் வராது. அடங்கிய பிறகு மூடியைத் திறந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, "பட்டாணியா?" என்றார். "துவரை" என்று தமிழிலேயே சொன்னேன். ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். மறுநாள் கிண்ணத்தைக் கழுவி, அதில் நாலு ஆப்பிள் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எங்கள் அப்பத்தா சொல்லும். அந்த ஊரிலும் அப்படித்தானா, இல்லை பாட்டியே அப்படியா என்று நான் கேட்டதில்லை.

ஜெர்மன் எனக்கு வகுப்பில் வந்ததைவிடப் படிக்கட்டில் வந்தது அதிகம். வாரம் ஒரு வீடாகப் படிக்கட்டைத் துடைக்க வேண்டும், முறை வந்தால் கதவில் ஒரு அட்டை தொங்கும். துடைக்கும்போது அவர் கதவைத் திறந்து நிற்பார். பேசுவோம். நான்கு வருஷமும் ஒருவரையொருவர் நீங்கள் என்றுதான். ஜெர்மனில் தமிழைப் போலவே ஒருமையும் பன்மையும் உண்டு, 'டூ' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். ஆனால் தமிழில் பெரியவர் சின்னவரை நீ என்பார், சின்னவர் நீங்க என்பார். அங்கே அப்படியில்லை, வளர்ந்த இருவர் என்றால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் 78 வயதுப் பாட்டி 29 வயது என்னை நீங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் அது கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மாலை காப்பிக்குக் கூப்பிட்டார். ஆப்பிள் கேக் செய்திருந்தார். ஒரு துண்டு தின்று முடித்த பிறகு, கையைத் துடைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "ஒன்று கேட்க வேண்டும். நான்தான் வயதில் மூத்தவள், அதனால் நான்தான் கேட்க வேண்டும். நாம் இனி 'டூ' சொல்லிக்கொள்ளலாமா?" என்று கேட்டு, மேசைக்கு மேலே கையை நீட்டித் தன் முதல் பெயரைச் சொன்னார். நான்கு வருஷமாக அஞ்சல் பெட்டியில் அந்தக் குடும்பப் பெயரை மட்டுமே பார்த்து வந்தவள் நான்.

கையைப் பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொன்னேன். ஆனால் அடுத்த வாக்கியம் வரவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவை நீங்க, பெரியப்பாவை நீங்க, அத்தையை நீங்க. என் வாயில் நீ என்று வருகிற பெரியவர் உலகத்திலேயே அம்மா ஒருத்திதான். அப்பத்தாவையும் நீ என்றுதான் சொல்வேன், ஆனால் அப்பத்தா 2023 ஜனவரியில் போய்விட்டது. போனில்தான் பார்த்தேன், தம்பி பிடித்திருந்த போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. அப்பத்தாவுக்குப் பிறகு காலியாக இருந்த இடம் அது. அங்கே இந்த ஊர்ப் பாட்டியை உட்காரவைக்கச் சொல்கிறார்கள். இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.

"நீ இன்னும் கொஞ்சம் காப்பி குடிக்கிறாயா?" என்று ஒருவழியாகக் கேட்டேன். அவர் சிரித்து, கோப்பையை நீட்டினார். அந்த மூன்று நாளும் ஏதாவது காரணம் வைத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறி இறங்கினேன், அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காக. கிளம்பும் முன் க்விட்டன் பழத்தில் காய்ச்சிய ஒரு பாட்டில் ஜெல்லி கொடுத்தார். பேரிக்காய் மாதிரி இருக்கும் மஞ்சள் பழம் அது, பச்சையாகத் தின்ன முடியாது, காய்ச்சினால் சிவந்துவிடும். கைப்பையில் வைக்காதே, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், பெட்டியில் துணிக்கு நடுவே வை என்று சொன்னார். அதற்காக ஒரு சுவெட்டரை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போய்விட்டது. அக்டோபர் 26, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பும் நாள். ஊருக்கும் எனக்கும் மூன்றரை மணி நேரமாக இருந்த இடைவெளி நாலரை ஆனது. அன்று பஸ் பிடித்து நகரக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நோபல் பரிசு வாங்கிய 8 பேர் அங்கே இருக்கிறார்கள். மாக்ஸ் பிளாங்கின் கல்லில் பெயரும் கீழே அவருடைய மாறிலியும் மட்டும். கணித மேதை ஹில்பர்ட்டின் கல்லில், நாம் அறிந்தாக வேண்டும், நாம் அறிவோம் என்ற அவருடைய சொற்கள். இலை கொட்டி முடிகிற காலம், நடக்கும்போது கணுக்கால் வரை சருகு.

நான் பார்க்கப் போனது இயற்பியலாளர் மாக்ஸ் போர்னை. 1931 கோடையில் அவருடைய கூடத்துக்கு ஒரு தமிழ்ப் பையன் வந்திருந்தான். அதற்கு முந்தின வருஷம், 19 வயதில், சென்னை மாநிலக் கல்லூரியை முடித்துவிட்டுக் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் போனவன். பின்னாளில் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய எஸ். சந்திரசேகர். கப்பலேறும்போது அவர் அம்மா நோயாகப் படுத்திருந்தார், போய் வா என்று அனுப்பியதே அவர்தான். 1931இல் அம்மா இறந்துபோனார், மகன் ஊருக்கு வர முடியவில்லை. அந்தக் கோடையில்தான் அவர் கோட்டிங்கனுக்கு வந்தார். எந்தத் தெருவில் நடந்திருப்பார், யாரிடம் தமிழில் பேசியிருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அவருக்குக் கடிதம், எனக்கு நடுங்குகிற போன் திரையாவது இருந்தது.

இரண்டே வருஷத்தில், 1933இல், யூதர் என்பதற்காகப் போர்னைப் பதவியிலிருந்து விலக்கினார்கள். அவர் கேம்பிரிட்ஜ் போனார், சி.வி. ராமன் அழைத்துப் பெங்களூரில் சில மாதம் இருந்தார், பிறகு எடின்பரோ. ஓய்வு பெற்ற பிறகு ஜெர்மனிக்கே திரும்பினார். 1970இல் இறந்தது இதே கோட்டிங்கனில். தன்னை வெளியே அனுப்பிய ஊரில் வந்து படுத்திருக்கிறார்.

அவர் கல்லில் ஒரு சமன்பாடு இருக்கிறது. நாம் சின்ன வகுப்பில் மூன்றை நாலால் பெருக்கினாலும் நாலை மூன்றால் பெருக்கினாலும் ஒன்றுதான் என்று படித்தோம். அணுவுக்குள் அப்படியில்லை. இடத்தையும் உந்தத்தையும் முன்பின்னாக மாற்றிப் பெருக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சுழி வருவதில்லை. ஒரு சிறிய மிச்சம் நிற்கும். அந்த மிச்சம்தான் கல்லில் இருப்பது. இளங்கலையில் இதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவள், அன்றைக்குச் சருகில் நின்று வெகுநேரம் பார்த்தேன். மறுநாள் நகர மன்றத்தில் அப்மெல்டுங். வந்தபோது செய்த ஒவ்வொன்றையும் வரிசை பிசகாமல் பின்னாலிருந்து அவிழ்த்துக்கொண்டு வருகிறேன், கடைசித் தாளையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் 2021இல் வந்த பெண் மறுபடியும் கிடைத்துவிடுவாள் என்று என் மனதின் ஒரு மூலை நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கேதான் அது எனக்குத் தெரிந்தது. அழுதேன். பக்கத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர், போர்ன் என் உறவினர் என்று நினைத்திருக்க வேண்டும், தலையைத் தாழ்த்தி வணங்கிவிட்டுப் போனார்.

குக்கரை அதற்கு முந்தின நாள் கொடுத்துவிட்டேன். தீபாவளி 20ஆம் தேதி, திங்கட்கிழமை, எல்லோருக்கும் வகுப்பு. அதனால் 25, சனிக்கிழமை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம். காலி வீடு, பாத்திரம் பாதி போய்விட்டது, பதினோரு பேர் தரையில் செய்தித்தாள் விரித்துச் சாப்பிட்டார்கள். சாம்பார், உருளைக்கிழங்கு, கொஞ்சம் கேசரி. பாட்டியும் மேலே வந்து, கீழே உட்கார முடியாது என்று பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிட்டார். திருநெல்வேலியிலிருந்து அந்த மாதம்தான் வந்திருந்த ஒரு பெண், புவியியல் படிக்கிறாள். கடைசியாகக் கிளம்பும்போது குக்கரை அவள் கையில் கொடுத்தேன். பிரிக்காத கேஸ்கெட்டையும். இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிற அறைக்கு மட்டும் குடிபோகாதே, இந்த அலுமினியம் அதில் சூடேறாது என்று சொன்னேன். சரிக்கா, சரிக்கா என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் அந்த வாரத்தில் எதையும் கேட்டுக்கொண்டதில்லை.

அக்டோபர் 31 சீர்திருத்தத் திருநாள், அங்கே அரசு விடுமுறை. விடிவதற்கு முன்னால் கிளம்பினேன், கடையில்லை, ஆளில்லை. சாவியை வீட்டுக்காரர் சொன்னபடி உறையில் போட்டு அவர் பெட்டியில் போட்டேன். பாட்டி வீட்டில் விளக்கு எரிந்தது. ஜன்னலில் நின்று கையசைத்தார். கத்தாமல் வாயை மட்டும் அசைத்து ஒரு வார்த்தை சொன்னார். பெட்டி இரண்டு, முதுகில் பை, கையில் தொப்பி. அந்தத் தொப்பி எதிலும் அடங்கவில்லை. ஃபிராங்க்ஃபர்ட் போகும் ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டேன். எதிரில் இருந்த ஒரு பெரியவர் பந்தைப் பார்த்து, "சூரியனா?" என்றார். "ஆமாம்." "புள்ளிகளும் இருக்கின்றன" என்று சொல்லி அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்தார்.

காஸல் தாண்டியதும் போன் அதிர்ந்தது. திருநெல்வேலிப் பெண்.

"அக்கா, தூங்கிட்டீங்களா? லீவுன்னு காலைலயே சாம்பார் வைக்கலாம்னு குக்கரை ஏத்திட்டேன். துவரம்பருப்புக்கு எத்தனை விசில்?"

ஜன்னலுக்கு வெளியே வெளுக்க ஆரம்பித்திருந்தது. தட்டச்சு செய்தேன்.

"நம்ம ஊர்ல அஞ்சு. அங்க நாலுலயே அடுப்பை அணைச்சிடு. கரண்ட் அடுப்புத் தட்டு சூடு அடங்காது, அஞ்சாவது தானா வரும். தாளிக்கிறதுக்கு முன்னாடி ஜன்னலைத் திற."